வெறும் முகத்தோடு நின்றவர்கள்

ஐஸ் ஹாக்கியின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்த நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். 1950கள் வரை கோல்கீப்பர்கள் முகத்தில் எந்தக் கவசமும் இல்லாமல் நின்றது வீரத்தாலா, அறியாமையாலா என்பது முதல் கேள்வி. ஆட்டத்தின் நடுவில் அவர்களுக்கு அடிபட்டால் கோலில் யார் நின்றார்கள் என்பது இரண்டாவது. நெடுங்காலமாக இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் படித்து வருபவன் என்ற முறையில், இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்று நான் கருதுகிறேன். ஓர் அணிக்கு ஒரே ஒரு கோல்கீப்பர்தான் இருந்தார். அந்த ஒற்றை இடம் பறிபோய்விடுமோ என்ற அச்சம், முகம் கிழிந்துவிடுமோ என்ற அச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவர்கள் எதிர்கொண்டது எத்தகைய பொருள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பக் என்பது கெட்டியான ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் கொண்டது. எடை சுமார் 170 கிராம் வரை இருக்கும், அதாவது ஒரு கிரிக்கெட் பந்தின் எடைதான். பனியில் துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக அதை ஆட்டத்துக்கு முன் உறையவைக்கிறார்கள் என்பதால், அது ரப்பர் என்பதைவிடக் கல் என்பதே பொருந்தும். 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட கோலின் முன்னால் நிற்பவர், தன் அணியினரும் எதிரணியினரும் பார்வையை மறைத்துக்கொண்டிருக்க, அந்த வட்டு எங்கிருந்து கிளம்பும் என்பதைக் குனிந்து தேடவேண்டும். குனிந்து தேடும்போது முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது முகம்தான்.

உடலின் மற்ற பகுதிகளுக்குக் கவசம் வந்த கதையில் கிரிக்கெட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1896 பிப்ரவரி 14 அன்று மான்ட்ரியலில், ஐஸ் ஹாக்கியின் தலையாய பரிசான ஸ்டான்லி கோப்பைக்காக ஆடிய வின்னிபெக் விக்டோரியாஸ் அணியின் கோல்கீப்பர் மெரிட், வெள்ளை நிறக் கிரிக்கெட் பேடுகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கோலும் விடாமல் 2–0 என்று கோப்பையையும் வென்று சென்றார். அதன்பின் பல ஆண்டுகள் கோல்கீப்பர்களின் கால்களில் இருந்தவை கிரிக்கெட் பேடுகள் அல்லது அவற்றின் சாயலில் செய்தவைதான். 1920களில் ஹாமில்டன் நகரில் குதிரைச் சேணம் தைக்கும் தொழில் செய்த கெனெஸ்கி என்பவர், அந்தப் பேடுகளை அகலமாக்கித் தோலால் தைத்துத் திணிப்பு வைத்துக் கொடுத்தார். கால்காப்பு அதன் பிறகுதான் தனி வடிவம் பெற்றது. 1940களில் சிகாகோ அணியின் எமில் ஃபிரான்சிஸ், பேஸ்பால் கையுறை ஒன்றைத் தன் கையுறையோடு சேர்த்துத் தைத்து அணிந்துவந்தார். எதிரணி ஆட்சேபித்தது, ஆனால் வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைப் போட்டி அமைப்பான தேசிய ஹாக்கி லீக் அதை அனுமதித்தது. கால், கை, மார்பு என்று ஒவ்வொன்றாகப் பாதுகாப்புக்குள் வந்தபோதும், முகம் மட்டும் வெளியே நின்றது.

இதற்கு ஒரு காரணம் நிமிர்ந்து நிற்கும் மரபு. 1917இல் தேசிய ஹாக்கி லீக் தொடங்கியபோது, கோல்கீப்பர் பக்கைத் தடுக்கத் தரையில் விழுவது விதிப்படி குற்றம். ஒட்டாவா அணியின் கிளின்ட் பெனடிக்ட் தற்செயலாகச் சறுக்கி விழுந்ததுபோல் முழங்காலிட்டு முழங்காலிட்டுத் தடுத்ததால், அவர் தொழுகிறார் என்று எதிரணி ரசிகர்கள் கேலி செய்தார்கள். விழுந்தது வேண்டுமென்றா, தவறியா என்று நடுவரால் தீர்மானிக்க முடியாத நிலையில், 1918 ஜனவரி 9 அன்று லீக் அந்த விதியையே நீக்கியது. இனி அவர்கள் தலைகீழாகக்கூட நிற்கட்டும் என்று லீக்கின் தலைவர் ஃபிராங்க் கால்டர் சொன்னதாகக் கூறுவார்கள். விதி போன பின்னும் பழக்கம் போகவில்லை. நல்ல கோல்கீப்பர் நின்றுதான் ஆடுவார், விழுபவர் தடுமாறுபவர் என்ற எண்ணம் அரை நூற்றாண்டு நீடித்தது. நிமிர்ந்து நிற்பவரின் முகத்துக்குப் பக் அடிக்கடி எழும்பாது என்பதும், அன்றைய அடிகள் பெரும்பாலும் மணிக்கட்டால் தரையோடு தள்ளுபவை என்பதும் உண்மையே. ஆகவே ஆரம்பகாலத்தில் முகமூடி இல்லாததை அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

அந்தக் காலத்து உழைப்பின் அளவுக்கு ஜோர்ஜ் வெசினாவைச் சொன்னால் போதும். கியூபெக்கின் சிக்கூட்டிமியைச் சேர்ந்த அவர் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியில் 1910 டிசம்பர் 31 அன்று முதல் ஆட்டம் ஆடினார். பிறகு பதினைந்து ஆண்டுகளாக ஒரே ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 1925 நவம்பர் 28 அன்று கடும் காய்ச்சலோடு களத்தில் இறங்கி, முடியாமல் வெளியேறினார். காசநோய் என்பது அதன்பின் தெரிந்தது. நான்கு மாதத்தில், 39 வயதில், இறந்துபோனார். சிறந்த கோல்கீப்பருக்கு இன்று தரப்படும் வெசினா கோப்பை அவர் நினைவாக அணி உரிமையாளர்கள் வழங்கியது. காய்ச்சலோடு அவர் கோலில் நின்றதைப் பலரும் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அணி அந்த ஒருவரையே நம்பியிருந்தது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே நண்பரின் இரண்டாவது கேள்வி வந்து சேர்கிறது. மாற்றுக் கோல்கீப்பர் இல்லாததால் நேர்ந்தவற்றுள் மிகவும் பேசப்படுவது 1928 ஏப்ரல் 7 அன்று ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் நடந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் சொந்த அரங்கைச் சர்க்கஸ் எடுத்துக்கொண்டதால் எல்லா ஆட்டங்களும் மான்ட்ரியலிலேயே நடந்தன. எதிரணியான மான்ட்ரியல் மரூன்ஸின் நெல்ஸ் ஸ்டூவர்ட் அடித்த பக் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லோர்ன் ஷபோவின் கண்ணில் பட்டது. அவரால் தொடர முடியவில்லை. வேறு ஆளை நிறுத்த எதிரணியின் சம்மதம் வேண்டும். ஒட்டாவாவின் தேர்ந்த கோல்கீப்பர் அலெக் கானல் அன்று பார்வையாளர் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தும், மரூன்ஸ் பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை. நரைத்த தலையோடு பெஞ்சில் நின்றிருந்த ரேஞ்சர்ஸ் பயிற்சியாளர் லெஸ்டர் பாட்ரிக், வயது 44, ஒருகாலத்தில் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர், ஷபோவின் பேடுகளைத் தானே கட்டிக்கொண்டு இறங்கினார். அவருடைய வீரர்கள் எதிரணியைக் கிட்டவே நெருங்கவிடாமல் பாதுகாத்தார்கள். ஒரு கோல் மட்டும் விட்டார். கூடுதல் நேரத்தில் ஃபிராங்க் பூஷே அடித்த கோலால் ரேஞ்சர்ஸ் 2–1 என்று வென்றது. அந்தத் தொடரையும் அவர்களே வென்று முதல் கோப்பையைப் பெற்றார்கள்.

அதே ஷபோ, டொரண்டோ அணிக்கு மாறிய பிறகு, 1932 மார்ச்சில் பாஸ்டனில் இன்னொரு விநோதத்துக்குக் காரணமானார். அந்நாளில் கோல்கீப்பர் தவறு செய்தால் அவரே தண்டனைப் பெட்டியில் போய் உட்காரவேண்டும். அவர் உட்கார்ந்த இரண்டு நிமிடத்துக்குள் மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்கள் மாறிமாறிக் கோலில் நின்று, ஆளுக்கொரு கோல் வாங்கினார்கள். அந்த மூவரும் சாதாரண ஆட்டக்காரர்கள் அல்லர். கோலில் நிற்பது எத்தகைய தனித்திறன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

முகமூடியை முதலில் அணிந்தவர் யார் என்ற வினாடிவினாக் கேள்விக்குப் பெரும்பாலோர் ஜாக் பிளான்ட் என்பார்கள், அது சரியல்ல. 1927இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக மகளிர் அணியின் எலிசபெத் கிரஹாம், பற்களைக் காத்துக்கொள்ள வாள்வீச்சுக்காரர்களின் கம்பிவலை முகமூடியை அணிந்து ஆடினார். தேசிய ஹாக்கி லீக்கில் முதலில் அணிந்தவர், முன்பு சொன்ன பெனடிக்ட்தான். 1930 ஜனவரியில் ஹோவி மொரென்ஸ் அடித்த பக் அவர் முகத்தை நொறுக்கியது. ஆறு வாரங்களுக்குப் பின், பிப்ரவரி 20 அன்று, தோலால் ஆன முகமூடியோடு திரும்பினார். மூக்குப் பகுதி பருத்திருந்ததால் காலடியில் வரும் பக் அவருக்குத் தெரியவில்லை. சில ஆட்டங்களிலேயே அதைக் கழற்றிவிட்டார். அந்தப் பருவத்தோடு அந்த லீக்கில் அவருடைய ஆட்டமும் முடிந்தது. முகமூடி போட்டால் கீழே பார்க்க முடியாது என்ற வாதத்தைப் பயிற்சியாளர்கள் அடுத்த முப்பது ஆண்டுகள் விடாமல் சொல்லிவந்தார்கள்.

இப்போது அந்த முப்பது ஆண்டுகளின் பொருளாதாரத்தைப் பாருங்கள். 1942 முதல் 1967 வரை லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். ஆகவே கோல்கீப்பர் வேலைகளும் ஏறக்குறைய ஆறுதான். சிறிய லீக்குகளில் அந்த ஆறு இடங்களுக்காகக் காத்திருந்தவர்கள் பலர். டெட்ராய்ட்டின் டெர்ரி சாவ்சுக் 1952 பிளேஆஃபில், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், எட்டு ஆட்டங்களையும் வென்று, அவற்றுள் நான்கில் ஒரு கோலும் விடாமல், மொத்தமே ஐந்து கோல்கள் வாங்கியவர். 1955இல் அணிக்கு இன்னொரு கோப்பையை வென்று கொடுத்த சில வாரங்களிலேயே அவரைப் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். க்ளென் ஹால் என்ற இளைஞர் தயாராகிவிட்டார் என்பதுதான் காரணம். அன்றைய மிகச் சிறந்த கோல்கீப்பருக்கே இந்த நிலை என்றால், எனக்கு முகமூடி வேண்டும் என்று யார் கேட்பார்கள்? கேட்டால், பயந்துவிட்டான் என்ற பெயர் வரும். அந்தப் பெயர் வந்த மறுவாரமே வேலை போகும். சாவ்சுக்கின் முகத்தில் போடப்பட்ட தையல்கள் சுமார் 400. அவருடைய இடத்துக்கு வந்த ஹால், 1955 முதல் 1962 வரை டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலுமாகத் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடினார், அத்தனையும் முகமூடி இல்லாமல். ஆட்டத்துக்கு முன் அவர் வாந்தி எடுப்பது வழக்கம் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அந்த 502 ஆட்டச் சாதனையை இனி யாரும் முறியடிக்கப்போவதில்லை. ஆனால் அதை வெறும் பெருமையாக மட்டும் என்னால் படிக்க முடிவதில்லை.

இந்தச் சூழலை உடைத்தவர் ஜாக் பிளான்ட். மான்ட்ரியல் கனடியன்ஸின் கோல்கீப்பரான அவர், ஆஸ்துமாவோடு வளர்ந்தவர், பின்னல் வேலை தெரிந்தவர், கோலை விட்டு வெளியே வந்து பக்கைத் தானே எடுத்து அனுப்பும் பழக்கத்தைப் பெரிதாக வளர்த்தவர். பயிற்சியின்போது அவர் முகமூடி அணிவதை அணி பொறுத்துக்கொண்டது. ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் விடவில்லை. 1958இல் பிளான்டின் நெற்றியில் பக் பட்டதைக் கண்ட பில் பர்ச்மோர் என்ற ஃபைபர்கிளாஸ் நிறுவன ஊழியர், முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் கவசம் ஒன்று செய்து தர முன்வந்தார். மருத்துவமனையில் பிளான்டின் முகத்தின் மேல் சாந்து பூசி அச்சு எடுத்தார்கள். அந்த அச்சின் மேல் ஃபைபர்கிளாஸ் துணியை அடுக்கடுக்காகப் படியவைத்து, பிசின் ஊற்றி, கெட்டியாக்கினார்கள். வந்தது, தோல் நிறத்தில், இரண்டு கண் துளைகளும் வாய்க்கு ஒரு பிளவும் கொண்ட, தலைக்குப் பின்னால் வாரால் இறுக்கும் ஒரு மெல்லிய ஓடு. அது முகத்திலிருந்து முன்னால் துருத்திக்கொண்டு நிற்காது. எனவே பெனடிக்ட்டின் தோல் முகமூடி மறைத்த காலடிப் பகுதி இதில் தெரிந்தது. முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட வாதத்துக்கு விடை, அந்த அச்சு எடுக்கும் முறையில் இருந்தது.

1959 நவம்பர் 1, ஞாயிறு இரவு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் மட்டையின் புறப்பக்கத்தால் அடித்த பக், பிளான்டின் மூக்கோரத்திலிருந்து உதடுவரை கிழித்தது. பனியில் இரத்தம் சிந்த அவர் உள்ளே போனார். ஏழு தையல்கள் போட்டார்கள். அன்று உடையணிந்து காத்திருந்த மாற்றுக் கோல்கீப்பர் இல்லை. விதிப்படி உள்ளூர் அணி ஏற்பாடு செய்து வைத்திருக்கும் ஓர் அமெச்சூர் ஆட்டக்காரரைத்தான் பிளேக் இறக்கியிருக்க முடியும். முகமூடி இல்லாமல் திரும்பமாட்டேன் என்றார் பிளான்ட். எத்தனையோ கோல்கீப்பர்களைப் பணியவைத்த அதே ஏற்பாடு, மாற்று ஆள் இல்லை என்ற அந்த ஏற்பாடு, அன்று முதன்முறையாகக் கோல்கீப்பரின் பக்கம் நின்றது. பிளேக் ஒப்புக்கொண்டார். இரத்தக்கறை படிந்த சட்டையோடும் வெளிறிய அந்த ஓட்டோடும் பிளான்ட் பனியில் இறங்கியபோது பார்வையாளர்களுக்கு அது விசித்திரக் காட்சியாக இருந்திருக்கும். கனடியன்ஸ் 3–1 என்று வென்றது.

காயம் ஆறும்வரைதான் என்பது பிளேக்கின் நிபந்தனை. ஆனால் அணி தொடர்ந்து தோல்வியே இல்லாமல் ஆடியதால் அவரால் கழற்றச் சொல்ல முடியவில்லை. 1960 மார்ச் 8 அன்று அவர் கேட்டுக்கொண்டதற்காகப் பிளான்ட் ஒருமுறை முகமூடியின்றி நின்றார். டெட்ராய்ட்டிடம் 3–0 என்று அணி தோற்றது. அடுத்த ஆட்டத்தில் முகமூடி திரும்பியது. அந்த ஆண்டு பிளேஆஃபில் எட்டு ஆட்டங்களையும் வென்று கனடியன்ஸ் தொடர்ந்து ஐந்தாம் முறையாகக் கோப்பையைப் பெற்றபோது, முகமூடி பார்வையைக் கெடுக்கும் என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை. கிரிக்கெட்டில் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் ஹெல்மெட் அணிந்துவந்தது 1978இல்தான் என்பதை நினைத்தால், பிளான்ட் எவ்வளவு முன்னால் நின்றார் என்பது நம் வாசகர்களுக்கு விளங்கும்.

காலமும் அவர் பக்கம் இருந்தது. மட்டையை ஓங்கித் தரையில் இழைத்து அடிக்கும் ஸ்லாப் ஷாட் 1950களில் பரவியது. 1960களில் பாபி ஹல், ஸ்டான் மிகிடா போன்றோர் வளைந்த முனை கொண்ட மட்டைகளைக் கொண்டுவந்தபோது, பக் எங்கே எழும்பும் என்பதை அடிப்பவரே உறுதியாகச் சொல்ல முடியாத நிலை வந்தது. பாஸ்டனின் டான் சிம்மன்ஸ் 1959 டிசம்பரிலேயே முகமூடிக்கு மாறினார். சாவ்சுக் 1962இல் மாறினார். ஹால் 1968 வரை காத்திருந்தார். என் முகமே எனக்கு முகமூடி என்று சொல்லிவந்த கம்ப் வோர்ஸ்லி, 1974இல் தன் கடைசி ஆறு ஆட்டங்களில் மட்டும் அணிந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 7 அன்று பிட்ஸ்பர்க் அணிக்காக நின்ற ஆண்டி பிரவுன்தான் இந்த லீக்கில் வெறும் முகத்தோடு ஆடிய கடைசிக் கோல்கீப்பர். இதற்கிடையில், 1965–66 பருவம் முதல் ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்கீப்பர்களை உடையணிந்து தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயமானது. முகமூடியும் மாற்று ஆளும் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்தது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம்.

முகமூடியின் பயனை மிகத் துல்லியமாகக் காட்டிய இருவரைச் சொல்லிவிடுகிறேன். 1970 இறுதிச் சுற்றில், 41 வயதில் செயின்ட் லூயிஸ் அணிக்காக நின்ற பிளான்டின் நெற்றியை நோக்கித் திசைமாறி வந்த பக், முகமூடியை உடைத்து அவரை மயங்கி விழவைத்தது. அது இல்லாவிட்டால் உயிர் போயிருக்கும் என்று அவரே சொன்னார். பாஸ்டனின் ஜெர்ரி சீவர்ஸ் அதே செய்தியை ஓவியமாக்கினார். பயிற்சியில் அவர் முகமூடியில் பக் மெல்லப் பட்டதைச் சாக்காக வைத்து உடைமாற்றும் அறைக்குப் போய்விட, பயிற்சியாளர் அவரைத் திரும்ப அனுப்பினார். அணியின் உதவியாளர் ஒருவர், பட்ட இடத்தில் கறுப்புத் தையல் கோடுகளை வரைந்தார். அதன்பின் பக் படும்போதெல்லாம் ஒரு தையல் கூடியது. வெள்ளை ஓட்டின் நெற்றி, கன்னம், கண்ணோரம் எங்கும் நிறைந்த அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் அவர் முகத்தில் விழாத காயம். இன்றைய கோல்கீப்பர்களின் வண்ண முகமூடிகளை எத்தனை பார்த்தாலும், எனக்கு அதற்கு இணையாக ஒன்றும் தோன்றவில்லை.

ஆயினும் கண் துளைகள் திறந்தே இருந்தன. பிளான்டைத் தன் ஆதர்சமாகக் கொண்டு வளர்ந்து, டொரண்டோவில் அவரோடு சேர்ந்து ஆடி நுட்பங்களைக் கற்றவர் பெர்னி பேரன்ட். 1974, 1975 ஆண்டுகளில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கோப்பைகளை வென்று தந்தவர். 1979 பிப்ரவரி 17 அன்று ஒரு மட்டையின் முனை அந்தத் துளை வழியே அவர் வலது கண்ணில் பாய்ந்தது. அத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. ஓட்டின் முன்னால் கம்பிக்கூண்டு பொருத்திய முகமூடிகள் அதன்பின் விரைவாகப் பரவின. கழுத்துக்கு நேர்ந்தது 1989 மார்ச் 22 அன்று: பஃபலோவின் கிளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்து இரத்தக்குழாயைச் சறுக்குக் காலணியின் கத்தி அறுத்தது. வியட்நாம் போரில் மருத்துவப் பணியாளராக இருந்த அணியின் உதவியாளர் ஜிம் பிஸுடெல்லி, விரல்களால் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவரை வெளியே கொண்டுசென்று உயிரைக் காப்பாற்றினார். கழுத்துக்காப்பு பலருக்கும் பழக்கமானது அதற்குப் பிறகுதான்.

முகம் பாதுகாப்பானதும் ஆட்டமே மாறியது. முழங்கால்களைச் சேர்த்துத் தரையில் இறக்கி, பாதங்களை இருபுறமும் விரித்து, கோலின் அடிப்பகுதியை முழுதும் அடைக்கும் முறைக்குப் பட்டாம்பூச்சி முறை என்று பெயர். ஹால் அதை வெறும் முகத்தோடே செய்தார் என்பது இன்றும் எனக்கு வியப்புத்தான். 1986இல், 20 வயதில், பாட்ரிக் ருவா அந்த முறையில் நின்று மான்ட்ரியலுக்குக் கோப்பை வென்ற பிறகு, கியூபெக் சிறுவர்கள் அனைவரும் முழங்காலிட்டே பழகினார்கள். ஒருகாலத்தில் பெனடிக்ட்டைக் கேலி செய்ய வைத்த அதே நிலை, இன்று உலகம் முழுவதும் முதல் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

மாற்று ஆள் இல்லாத நிலை அதோடு முற்றிலும் மறைந்துவிட்டதா என்றால், இல்லை. அண்மைக்காலத்திலும், இரண்டு கோல்கீப்பர்களும் ஒரே இரவில் அடிபட்டால், அரங்கில் அதற்கென்று காத்திருக்கும் உள்ளூர் அமெச்சூர் ஒருவர் இறங்க வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரி 22 அன்று டொரண்டோவில் கரோலைனா அணிக்கு அது நேர்ந்தது. இறங்கியவர் டேவிட் அயர்ஸ்; வயது 42; தாய் தந்த சிறுநீரகத்தோடு வாழ்பவர்; பனித்தளத்தைச் சமன்செய்யும் ஜம்போனி வண்டியை ஓட்டியவர்; டொரண்டோ அணிக்கே பயிற்சிகளில் கோலில் நின்று உதவியவர். முதலில் வந்த இரண்டு அடிகளும் கோலாயின. அதன்பின் வந்த எட்டையும் அவர் தடுத்தார். கரோலைனா 6–3 என்று வென்றது. அவர் வேலை பார்த்த கட்டடம் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். அதே கூரையின் கீழ்தான் 1967இல் டொரண்டோ தன் கடைசிக் கோப்பையை வென்றது. அன்று அந்த அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள் மாறிமாறி நின்றார்கள். சாவ்சுக் முகமூடியோடு நின்றார். அயர்ஸின் அதே வயதில், 42 வயதில், ஜானி பவர் வெறும் முகத்தோடு நின்றார்.